டொமைன் வாங்கும் முன் வில்லங்கம் பார்ப்பது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு ஐந்தெழுத்தில் ஒரு டாட் காம் பெயர் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. அது ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது. சில ஆயிரம் டாலர் கேட்கிறார், இந்த வாரத்துக்குள் முடித்துக்கொள்ளலாம் என்கிறார். ஹூ-இஸ் (டொமைனைப் பதிவு செய்தவர் விவரத்தைக் காட்டும் சேவை) தேடலில் உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருக்கிறது. பழைய பக்கங்களைத் தேடியதில் 2019 வரை அந்த முகவரியில் ஒரு சுற்றுலா நிறுவனத்தின் தளம் இருந்தது தெரிகிறது. இதில் உரிமைத் தகராறு ஏதும் உண்டா என்று பணம் கொடுக்கும் முன்பே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே இடத்தில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி இல்லை. யாரிடமிருந்து யாருக்குப் போனது, யார் தடை வாங்கியிருக்கிறார் என்று சொல்லும் பதிவேடு நிலத்துக்கு உண்டு, டொமைனுக்குக் கிடையாது. நாமே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேகரித்துத்தான் வில்லங்கம் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டியவை பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு மூன்று மாலைகளை ஒதுக்கினால் போதும்.

தேடத் தொடங்கும் முன் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பவருக்கு இதை விற்கும் உரிமை உண்டா என்பது ஒன்று. அந்தப் பெயரின் மீதே வேறு யாருக்காவது, முக்கியமாக டிரேட்மார்க் வைத்திருப்பவருக்கு, உரிமை உண்டா என்பது இன்னொன்று. ஆலோசனை கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். முதலாவதை யாரும் கேட்பதில்லை. கணக்கு அவரிடம் இருக்கிறது, அதனால் பெயரும் அவருடையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்த வரையில் தனிநபரிடம் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் இங்கேதான். அதனால் இதைப் பற்றி அதிகம் பேசப்போகிறேன்.

டாட் காம் பெயர்களின் மையப் பட்டியலை வைத்திருப்பது வெரிசைன் என்ற நிறுவனம். அந்தப் பட்டியலில் பெயர் எந்த ரெஜிஸ்ட்ரார் (டொமைன் பெயர்களைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) வழியாகப் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில், எந்த நேம் சர்வர் (பெயரைத் தளத்தோடு இணைக்கும் கணினி), என்ன நிலை என்பவை இருக்கும். பதிவு செய்தவர் யார் என்ற விவரம் ரெஜிஸ்ட்ராரிடம்தான் இருக்கும். அந்த விவரமும் கணக்கைத் திறந்தவர் தட்டச்சு செய்ததுதான். கடவுச்சொல்லும் அந்தக் கணக்குக்கான மின்னஞ்சலும் யாரிடம் இருக்கிறதோ, அவரைத்தான் ரெஜிஸ்ட்ராருக்குத் தெரியும். அவர் அந்த நிலைக்கு எப்படி வந்தார் என்று யாரும் விசாரிப்பதில்லை.

இதன் விளைவு என்னவென்பதற்கு பி2பி.காம் (P2P.com) நல்ல உதாரணம். 2006-ல் அதன் உண்மையான உரிமையாளர்களின் கணக்கிலிருந்து அது திருடப்பட்டது. திருடியவர் அதை ஈபே-யில் ஏலம் விட்டார். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஒருவர் 1,11,000 டாலர் கொடுத்து வாங்கினார். அது திருட்டுப் பொருள் என்று அவருக்குத் தெரியாது. திருடியவர் 2009-ல் கைதாகி, 2011-ல் ஐந்தாண்டு சிறைத் தண்டனை பெற்றார். நேர்மையாகப் பணம் கொடுத்து வாங்கியவர் தவறு எதுவும் செய்யவில்லை. ஆனால் திருட்டுப் பொருளை வாங்கியவருக்கு அது சொந்தமாகிவிடுவதில்லை.

டொமைன் என்பது திருடப்படக்கூடிய சொத்துதான் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2003-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அது செக்ஸ்.காம் வழக்கு. கேரி கிரெமன் 1994-ல் பதிவு செய்த பெயரை, மறு ஆண்டே ஒருவர் போலிக் கடிதம் ஒன்றைக் காட்டித் தன் பக்கம் மாற்றிக்கொண்டார். நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது 2000-ல். ஐந்து ஆண்டுகள் கழித்தும் பெயர் பழையவரிடம் திரும்பிப் போனது என்பதைக் கவனியுங்கள். "நான் வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி யார் கேட்கப்போகிறார்கள்" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

சரி, திருட்டு நடந்திருந்தால் வெளியிலிருந்து தெரியுமா? பல நேரம் தெரியும். பெர்ல்.காம் விவகாரத்தைப் பாருங்கள். அது பெர்ல் நிரல்மொழிக்காரர்கள் 1990-களிலிருந்து பயன்படுத்தி வந்த முகவரி. 2020 செப்டம்பரில் அதன் கணக்கு வேறொருவர் கைக்குப் போனதாகப் பின்னால் தெரியவந்தது. ஆனால் அப்போது எதுவும் வெளியே தெரியவில்லை, தளம் வழக்கம் போல ஓடியது. டிசம்பரில் பெயர் சீனாவில் உள்ள ஒரு ரெஜிஸ்ட்ராருக்கு மாறியது. 2021 ஜனவரி கடைசியில் அங்கிருந்து ஜெர்மனியில் உள்ள இன்னொன்றுக்கு மாறியது. அப்போதுதான் தளம் காணாமல் போனது. உடனே 1,90,000 டாலர் விலையில் விற்பனைக்கும் வந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் உரியவர்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. இடையில் யாராவது வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வாங்க நினைத்த ஒருவர் ரெஜிஸ்ட்ரார் வரலாற்றை மட்டும் பார்த்திருந்தாலே போதும். கால் நூற்றாண்டாகப் பயன்பாட்டில் இருந்த பெயர், இரண்டு மாதத்தில் இரண்டு ரெஜிஸ்ட்ரார் மாறி, உடனே சந்தைக்கு வருகிறது. இது இயல்பான விற்பனை இல்லை என்று அங்கேயே புரிந்திருக்கும்.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது பெயரின் வாழ்க்கையில் எங்கே அறுபட்ட இடம் இருக்கிறது என்பதைத்தான். டொமைன் விதிகளை வகுக்கும் ஐகான் அமைப்பின் தேடல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பழைய ஹூ-இஸ் சேவையைக் கட்டாயம் நடத்த வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது. இப்போது ஆர்டிஏபி என்ற முறையில்தான் விவரம் வருகிறது. பெயர் மறைக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு, ஏறக்குறைய எல்லாப் பெயர்களிலும் தனிநபர் விவரம் மறைந்துவிட்டது. மறைத்திருப்பது சந்தேகத்துக்கான காரணமே இல்லை.

அங்கே தேதிகளைப் பாருங்கள். முதல் பதிவு எப்போது, கடைசியாக மாற்றம் நடந்தது எப்போது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் நிலைக் குறியீடுகள். 'கிளையண்ட்' என்று தொடங்குபவை ரெஜிஸ்ட்ரார் போட்டவை. 'சர்வர்' என்று தொடங்குபவை மையப் பட்டியலை வைத்திருப்பவர் போட்டவை. 'கிளையண்ட் டிரான்ஸ்ஃபர் புரொஹிபிட்டட்' என்பது வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரி, பாதுகாப்பாக வைக்கப்பட்ட எல்லாப் பெயரிலும் இருக்கும். இதைப் பார்த்துவிட்டு வழக்கு நடக்கிறது என்று பதறி எனக்கு எழுதியவர்கள் பலர். 'சர்வர்' என்று தொடங்கும் தடைகள் வேறு ரகம். பெரிய நிறுவனங்கள் கூடுதல் பாதுகாப்புக்காகக் காசு கொடுத்துப் போட்டுக்கொள்வதும் உண்டு, நீதிமன்ற உத்தரவால் போடப்படுவதும் உண்டு. ஒரு தனிநபர் விற்கும் சாதாரணப் பெயரில் அது இருந்தால் காரணம் கேட்டே ஆக வேண்டும். 'ஹோல்ட்' என்று இருந்தால் பெயர் இயக்கத்திலேயே இல்லை என்று பொருள். 'ரிடெம்ப்ஷன் பீரியட்' என்றால் காலாவதியாகி நீக்கப்பட்டு, பழைய உரிமையாளர் மீட்டுக்கொள்ளக் கூடிய 30 நாள் காலத்தில் இருக்கிறது. அந்த நிலையில் இன்னொருவர் உங்களுக்கு அதை விற்க வந்தால், அவரிடம் விற்க எதுவும் இல்லை.

இதில் ஒரு குறை உண்டு. டிரேட்மார்க் புகார் வந்து ரெஜிஸ்ட்ரார் பூட்டிவைத்த பெயரும் 'கிளையண்ட்' தடையோடுதான் தெரியும். சாதாரணப் பூட்டா, தகராறுப் பூட்டா என்று வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. அதற்குத் தனி வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அடுத்தது பழைய விவரங்கள். 2018-க்கு முன்பு பதிவு செய்தவரின் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எல்லாம் பெரும்பாலும் வெளிப்படையாக இருந்தன. அவற்றைச் சேமித்து வைத்திருக்கும் டொமைன்டூல்ஸ் போன்ற கட்டணச் சேவைகள் உண்டு. ஒரு பெயருக்கு மட்டும் பார்க்க ஆகும் செலவு, நீங்கள் கொடுக்கப்போகும் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. பழைய பக்கங்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். 1996 முதலான நகல்கள் அதில் இருக்கின்றன. முகப்புப் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள், 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே இருக்கும் நிறுவனப் பெயர், முகவரி, எண் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் வேலை. பழைய உரிமையாளரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். "இந்தப் பெயரை நீங்கள் விற்றுவிட்டீர்களா?" என்ற ஒரே கேள்வி. நூறு கருவிகள் சொல்லாததை இந்தக் கேள்விக்கு வரும் பதில் சொல்லிவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய அமைப்புக்காகப் பெயர் வாங்க உதவிக்கொண்டிருந்தேன். விற்பவர் ஒரு வலை வடிவமைப்பாளர், மரியாதையான மனிதர். ஆறேழு வருடம் புதுப்பித்ததற்கான ரசீதுகள் எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தன. கணக்கையும் திரையில் காட்டினார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பழைய பக்கங்களில் அதே பெயரில் ஒரு பதிப்பகத்தின் தளம் ஐந்து வருடம் ஓடியிருந்தது. பக்கத்தின் அடியில் இருந்த முகவரிக்கு எழுதினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. "அது எங்கள் பெயர். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் பதிவு செய்துவிட்டார். பணம் கொடுப்பதில் தகராறு வந்ததால் திருப்பித் தர மறுக்கிறார். வழக்கறிஞரிடம் கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். வடிவமைப்பாளரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. தனக்கு வர வேண்டிய பாக்கிக்கு ஈடாகத்தான் விற்கிறேன் என்றார். தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே அவர் நம்பினார், ஒருவேளை இருந்திருக்கவும் கூடும். ஆனால் அந்த நியாயத்தை முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை. விலகிக்கொண்டோம். அந்த அமைப்பு வேறு பெயரில் நன்றாக நடக்கிறது.

உரிமைத் தகராறு என்றாலே திருடனைத்தான் நினைக்கிறோம். நடைமுறையில் அதிகம் காண்பது இந்த மாதிரிதான். கூட்டாளிகள் பிரிந்திருப்பார்கள், கணக்கு ஒருவரிடம் மட்டும் இருக்கும். வேலையை விட்டுப் போன ஊழியர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்திருப்பார். உரிமையாளர் இறந்திருப்பார், கடவுச்சொல் தெரிந்த ஒரு வாரிசு மற்ற வாரிசுகளிடம் சொல்லாமல் விற்பார். நிறுவனம் திவாலாகியிருக்கும், கடன் கொடுத்தவர்களுக்குப் போக வேண்டிய சொத்துப் பட்டியலில் அந்தப் பெயரும் இருக்கும். இவை எதுவும் எந்தத் தேடல் பக்கத்திலும் வராது. மனிதர்களிடம் கேட்டால்தான் வரும். நிறுவனத்தின் பெயரில் இருந்த டொமைன் என்றால், அந்த நிறுவனம் இன்னும் இருக்கிறதா, கலைக்கப்பட்டதா, திவால் நடவடிக்கையில் இருக்கிறதா என்று அந்த நாட்டின் நிறுவனப் பதிவேட்டில் பார்க்கலாம். பெரும்பாலான நாடுகளில் இணையத்திலேயே பார்க்க முடியும்.

காலாவதி ஏலத்தில் வந்த பெயர் என்றால் ஒரு வார்த்தை. பல ரெஜிஸ்ட்ரார்கள் பழையவர் புதுப்பிக்கும் அவகாசம் முடியும் முன்பே ஏலத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். பழையவர் கடைசி நேரத்தில் வந்து பணம் கட்டினால் ஏலம் ரத்தாகும், உங்கள் பணம் திரும்பி வரும். பெயர் உண்மையிலேயே உங்கள் கணக்குக்கு வந்து சேரும் வரை பெயர்ப்பலகை அடிக்காதீர்கள்.

இப்போது இரண்டாவது கேள்வி, டிரேட்மார்க். டிரேட்மார்க் தகராறுகளைத் தீர்க்க ஐகான் 1999-ல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற விதிதான் டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றுக்கு அடிப்படை. டொமைன் பதிவு செய்யும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, அதற்குச் சம்மதித்துத்தான் பதிவு செய்கிறார்கள். புகார் செய்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும். பெயர் தன் டிரேட்மார்க்கைப் போலவே, அல்லது குழப்பம் தரும் அளவுக்கு ஒத்து இருக்கிறது. வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமையோ நலனோ இல்லை. கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து, கெட்ட எண்ணத்தோடு பயன்படுத்தியும் வருகிறார். மூன்றும் சேர்ந்தால்தான் வெற்றி. ஜெனீவாவில் உள்ள உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவுக்கு மட்டும் 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் தலா 6,000-க்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. ஒரு நடுவர் போதும் என்றால் ஐந்து பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர்தான். ஒரு நிறுவனத்துக்கு அது பெரிய தொகையே அல்ல, அதனால் புகார் செய்யத் தயங்க மாட்டார்கள். பதில் சொல்ல உங்களுக்குக் கிடைப்பது 20 நாள். தோற்றால் 10 வேலை நாட்களில் பெயர் கைமாறும். அதற்குள் நீதிமன்றம் போனால் மட்டுமே நிற்கும். நீங்கள் பெயர் வாங்கக் கொடுத்த தொகையை யாரும் திருப்பித் தர மாட்டார்கள்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். விற்பவர்களே இதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்: "பெயர் 1998-லேயே பதிவானது, அந்தக் கம்பெனி டிரேட்மார்க் வாங்கியது 2012-ல், ஆகவே பயமில்லை." விற்பவருக்கு அது உண்மைதான். உங்களுக்கு உண்மை இல்லை. பெயர் கைமாறும்போது, புதியவரைப் பொறுத்தவரை அது புதுப் பதிவாகவே கருதப்படும் என்பதுதான் யூடிஆர்பி நடுவர்கள் பொதுவாகப் பின்பற்றும் நிலைப்பாடு. நீங்கள் வாங்கும் நாளில் யாரிடம் டிரேட்மார்க் இருந்தது, அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா என்றுதான் பார்ப்பார்கள். 1998 என்ற தேதியை விற்பவர் உங்களுக்கு விற்க முடியாது.

2000-ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகள் இந்த விதியின் இரு கரைகளையும் காட்டுகின்றன. மடோனா.காம் பெயரை ஒருவர் 1998-ல் 20,000 டாலருக்கு வாங்கியிருந்தார். பாடகி மடோனா புகார் செய்தார். வாங்கியவர் அதில் ஆபாசத் தளம் நடத்தியிருந்தார், நியாயமான காரணம் எதையும் காட்ட முடியவில்லை, பெயரை இழந்தார். அதே ஆண்டு பாடகர் ஸ்டிங், ஸ்டிங்.காம் பெயரைக் கேட்டார். அது ஆங்கிலத்தில் சாதாரணச் சொல், வைத்திருந்தவர் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்ததாக நிரூபணம் இல்லை என்று புகார் தள்ளுபடியானது. பொதுச் சொல்லாக இருந்து, அந்தச் சொல்லின் இயல்பான பொருளில் நீங்கள் பயன்படுத்தினால் ஓரளவு பாதுகாப்பு. யாரோ ஒருவர் உருவாக்கிப் புகழ்பெறச் செய்த சொல் என்றால் பாதுகாப்பு இல்லை.

ஜெயித்தாலும் நிம்மதி வரும் என்று சொல்ல முடியாது. உசி நிசான் என்பவர் தன் குடும்பப் பெயரிலேயே 1994-ல் நிசான்.காம் பதிவு செய்து கணினித் தொழில் நடத்தினார். 1999-ல் கார் நிறுவனம் வழக்குப் போட்டது. பெயரை அவர் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் வழக்கு சுமார் எட்டு ஆண்டுகள் இழுத்தது. உங்கள் புதுத் தொழிலுக்கு எட்டு ஆண்டு வழக்கைத் தாங்கும் பலம் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இதற்கென்றே 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒரு பெயருக்கு ஒரு லட்சம் டாலர் வரை இழப்பீடு விதிக்கலாம். "நான் இருப்பது வேறு நாட்டில்" என்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. வெரிசைன் இருப்பது வர்ஜீனியா மாநிலத்தில். அதனால் உரிமையாளரைப் பிடிக்க முடியாதபோது டாட் காம் பெயரின் மீதே அங்குள்ள நீதிமன்றத்தில் வழக்குப் போட அந்தச் சட்டம் வழி செய்கிறது. நாட்டுக் குறியீட்டுப் பெயர்களுக்கு விதியே சற்று வேறு. டாட் இன், டாட் யூகே, ஆஸ்திரேலியாவின் டாட் ஏயு ஆகியவற்றில் கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்திருந்தாலோ, பயன்படுத்தினாலோ, ஏதாவது ஒன்று போதும். இரண்டும் வேண்டும் என்ற யூடிஆர்பி பாதுகாப்பு அங்கே கிடைக்காது. ஊர், நாடு பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். 1994-ல் ஒருவர் பதிவு செய்து சுற்றுலாத் தொழில் நடத்திவந்த பிரான்ஸ்.காம், பிரெஞ்சு நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2018-ல் பிரெஞ்சு அரசின் கைக்குப் போனது.

தேடுவது எப்படி என்றால், வைப்போவின் உலகளாவிய பிராண்டு தரவுத்தளத்தில் தொடங்குங்கள். ஐரோப்பாவுக்கு டிஎம்வியூ என்ற தேடல் தளம். அப்புறம் நீங்கள் தொழில் செய்யப்போகும் நாடுகளின் டிரேட்மார்க் அலுவலகத் தளங்கள். எழுத்து மாறாமல் மட்டும் தேடாதீர்கள், ஒலி ஒத்துப்போகும் சொற்களையும் தேடுங்கள். சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் தொழிலும் அதை ஒட்டிய தொழிலும் எந்த வகுப்பில் வருகின்றன என்று பாருங்கள். வேறு வகுப்பில், வேறு கண்டத்தில் ஒரு சிறு நிறுவனம் அதே சொல்லை வைத்திருந்தால் அது உங்களைத் தடுக்கப்போவதில்லை. பதிவு செய்யாமலேயே பல காலம் பயன்படுத்தி உரிமை பெற்றவர்களும் உண்டு என்பதால், அந்தச் சொல்லைச் சாதாரணத் தேடலிலும் போட்டுப் பாருங்கள்.

முன்பு ஒத்திவைத்த விஷயத்துக்கு இப்போது வருகிறேன். யூடிஆர்பி புகார்கள் ரகசியம் அல்ல. வைப்போ, அமெரிக்காவில் உள்ள ஃபோரம் போன்ற தீர்ப்பு மையங்களின் தளங்களில் டொமைன் பெயரைப் போட்டுத் தேடலாம், நிலுவையில் உள்ள வழக்கும் வரும். வழக்கு நடக்கும்போதும், முடிந்து 15 வேலை நாட்கள் வரையிலும் பெயரை வேறொருவருக்கு மாற்றக் கூடாது என்பது விதி. மீறி மாற்றினால் ரெஜிஸ்ட்ரார் அதை ரத்து செய்யலாம். புகார் வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து அவசரமாக விற்பவர்கள் இருக்கிறார்கள். "இந்த வாரத்துக்குள்" என்று உங்கள் ஆள் சொல்வதற்குக் காரணம் வாடகை பாக்கியாகவும் இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். பணம் அனுப்பும் அன்று காலையில் இன்னொரு முறை தேடுங்கள். முன்பு ஒரு புகார் வந்து தள்ளுபடியாகியிருந்தால் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். அப்போதைய உரிமையாளர் ஜெயித்த காரணம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

உங்கள் மனதில் "அந்தப் பெரிய கம்பெனி பின்னால் என்னிடமே வந்து வாங்கும்" என்ற எண்ணம் ஓரத்தில் இருந்தால், தயவுசெய்து வாங்காதீர்கள். டிரேட்மார்க் உரிமையாளருக்கு லாபத்தில் விற்பதற்காகப் பதிவு செய்வது கெட்ட எண்ணத்துக்கான முதல் அடையாளமாக விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வளவும் சரியாக இருந்தால் விற்பவரிடம் பேசலாம். கணக்கு அவரிடம்தான் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி, நீங்கள் சொல்லும் ஒரு சொற்றொடரை டிஎன்எஸ்-ல் (டொமைனின் தொழில்நுட்ப விவரங்களை எல்லோரும் பார்க்கும்படி வைக்கும் இடம்) டெக்ஸ்ட் பதிவாகச் சேர்க்கச் சொல்வது. ஒரு மணி நேரத்தில் வெளியில் தெரிந்துவிடும். ஆனால் அது கட்டுப்பாட்டுக்கு மட்டுமே சான்று, உரிமைக்கு அல்ல. திருடனாலும் அதைச் செய்ய முடியும். உரிமைக்கு, அவர் யாரிடமிருந்து எப்போது வாங்கினார் என்று கேளுங்கள். வாங்கிய ரசீது, ஒப்பந்தம், அடையாளச் சான்று கேளுங்கள். "பெயர் இப்போது 60 நாள் பூட்டில் இருக்கிறது, உடனே வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாது, என் ரெஜிஸ்ட்ராரிலேயே கணக்கு தொடங்குங்கள், பெயரை அதற்கு மாற்றிவிடுகிறேன்" என்று சொன்னால் உன்னிப்பாகக் கவனியுங்கள். அந்தப் பூட்டு பெரும்பாலும் பெயர் சமீபத்தில் கைமாறியபோது விழுவது. அப்படியானால் சமீபத்தில் யாரிடமிருந்து வந்தது? அந்த ஆளையும் பார்த்தாக வேண்டும்.

எஸ்க்ரோ (பணத்தை இடையில் வைத்திருக்கும் மூன்றாம் தரப்பு) வழியாகப் பணம் கொடுப்பது நல்லது, கட்டாயம் செய்யுங்கள். ஆனால் அது எதைக் காக்கிறது என்று தெரிந்து செய்யுங்கள். பெயர் உங்கள் கணக்குக்கு வந்ததும் பணம் அவருக்குப் போகும், அவ்வளவுதான். வந்த பெயர் ஆறு மாதம் கழித்துத் திருட்டு என்று தெரிந்தால் எஸ்க்ரோ உதவாது. அதற்குத்தான் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் வேண்டும். தான் ஒருவரே உரிமையாளர், நிலுவையில் புகாரோ வழக்கோ கடனோ இல்லை, பின்னால் வேறொருவர் உரிமை நிலைநாட்டினால் முழுத் தொகையும் திருப்பித் தருவேன் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவரின் உண்மைப் பெயரும் முகவரியும் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் தாள். நேர்மையான விற்பனையாளர் இந்த மூன்றுக்கும் சம்மதிக்கத் தயங்கி நான் பார்த்ததில்லை. தொகை உங்களுக்குப் பெரியது என்றால் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

நீங்கள் வாங்க நினைக்கும் பெயரில் இப்போதைக்கு என் கண்ணை உறுத்துவது அந்த 2019 தான். சுற்றுலா நிறுவனம் அத்தோடு மூடப்பட்டதா, வேறு முகவரிக்குப் போனதா, பெயரை விற்றதா, காலாவதியாக விட்டதா? முதல் பதிவுத் தேதியைப் பாருங்கள். 2019-க்குப் பிந்தைய தேதி இருந்தால் பெயர் ஒருமுறை முழுதாக நீக்கப்பட்டு, இன்னொருவரால் புதிதாகப் பதிவு செய்யப்பட்டிருக்கிறது. பழைய நிறுவனத்தின் கணக்கிலிருந்து திருடப்பட்டதா என்ற கேள்வி அங்கே பெருமளவு அடங்கிவிடும், டிரேட்மார்க் கேள்வி மட்டும் மிஞ்சும். தேதி அதற்கு முந்தையது என்றால் பெயர் அறுபடாமல் யாரிடமிருந்தோ யாருக்கோ வந்திருக்கிறது. அந்தக் கைமாற்றத்துக்கு ஒரு தாளாவது இருக்க வேண்டும். விற்பவருக்குப் பதில் எழுதும் முன் அந்த நிறுவனத்தின் பழைய முகவரிக்கும், அதை நடத்தியவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடிந்தால் அவர்களுக்கும், இரண்டு வரி எழுதுங்கள்: "இந்த டொமைன் முன்பு உங்களிடம் இருந்தது. இப்போது எனக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. நீங்கள் இதை விற்றீர்களா, அல்லது இன்னும் உங்களுடையதா?" பதிலுக்குப் பத்து நாள் காத்திருங்கள். விற்பவர் இந்த வாரம்தான் என்று பிடிவாதமாக நின்றால், நீங்கள் யாருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று அவரிடமே சொல்லுங்கள்.